ஜெனிஸ் சொல்லாத வார்த்தை

ஜூலை 6, ஞாயிறு, 2025

இன்றைக்கும் ஜெனிஸ் செத்தாள். ஆராதனை முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மைக்கில்.

துன்பத்தில் விசுவாசம் என்று தலைப்பு. இந்தத் தலைப்பை எடுத்தால் என் வீட்டுக்காரர் ஜோன்ஸ் எங்கே போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும். யோபுவில் தொடங்குவார். பவுல் கிடந்த சிறைச்சாலை. பிறகு குரலை இறக்கி, "எனக்கும் ஒரு மகள் இருந்தாள்." உடனே முன்வரிசைப் பெண்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அழாவிட்டால், பாஸ்டரம்மாவுக்கு எவ்வளவு திடம். அழுதால், எவ்வளவு பாசம்.

ஒன்பது வயசுப் பிள்ளை, டெங்குக் காய்ச்சலில் கிடக்கிறாள், சாகப் போகிற நேரத்தில் சிரித்துக்கொண்டே, "அப்பா, இயேசு வந்துட்டாரு, எனக்குப் பயமில்லை, அழாதீங்க" என்றாளாம். போன வருஷம் வரை இவ்வளவுதான். இன்றைக்கு அறைக்குள் ஒரு வெளிச்சமும் வந்துவிட்டது.

அந்த அறையில் ஒரு டியூப்லைட் எரிந்தது. நான் அங்கே இருந்தேன். ஜோன்ஸ் இல்லை. திசையன்விளைப் பக்கம் ஒரு கன்வென்ஷனில் மூன்றாம் நாள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில் நின்றேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்கிறவர்களே அவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிடுகிறார்கள்.

அடக்கத்துக்கு வந்த யாரோ, "பிள்ளை சமாதானமாத்தான் போயிருப்பா" என்று சொன்னார்கள். அதிலிருந்து முளைத்தது இது. என்ன நடந்தது என்று அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றே முக்கால் வருஷம் ஆகப்போகிறது.

எனக்கு இந்த மனுஷனைப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சாப்பாடு வைத்தேன். பேசவில்லை. பேசவில்லை என்பது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

ஜூலை 18, வெள்ளி

உபவாச ஜெபத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பேபி. கீழவைப்பார்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம். இங்கே நண்டு உடைக்கிற ஷெட்டில் வேலை. ஜெபம் முடிந்து எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். தம்ளரை வாங்காமல் நின்றாள்.

"அக்கா, பாஸ்டர் பேசுனதைப் போன்ல பாத்தேன். உங்க பிள்ளை கதை."

"ம்."

"எங்க வீட்டுக்காரரு மனுவேல், தை மாசம் படகு கவுந்து, தூக்கிட்டு வந்து மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. மூணு நாளும் பயந்து பயந்தே செத்தாருக்கா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஏளா, என்னைய விட்டுராத, எனக்குப் பயமா இருக்கு'ன்னு அழுதாரு. நாப்பது வயசு ஆம்பளை. உங்க பிள்ளை சிரிச்சுக்கிட்டுப் போயிருக்கா. அப்ப இவருக்கு விசுவாசம் இல்லைன்னுதான அர்த்தம்? இப்ப அவரு எங்க இருப்பாரு, அக்கா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கஞ்சி ஆறிரும், குடி" என்றேன்.

வெட்கங்கெட்டவள்.

ஜூலை 19, சனி

இரண்டு தடவை சோற்றைக் குழைய விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் போக மாட்டேன் என்கிறது.

எழுதிவிடுகிறேன். இதுவரை எங்கேயும் எழுதவில்லை.

ஜெனிஸ் சிரிக்கவில்லை. ஊசி போட வந்த நர்ஸின் கையைக் கடித்தாள். என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் வந்தது. பயமா இருக்கும்மா என்றாள். அப்பா எங்க என்றாள். வாராரு, பஸ் ஏறிட்டாரு என்று பொய் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், அப்பா எங்க. நாலு தடவை. இயேசு என்ற பேச்சே இல்லை. அதற்குப் பிறகு மூச்சு மட்டும்தான்.

அன்று மத்தியானமே அவருக்குப் போன் பண்ணினேன். "இன்னைக்குக் கடைசிக் கூட்டம், ஜெபிச்சுட்டு உடனே வாரேன்" என்றார். ஜெபித்துவிட்டுத்தான் வந்தார்.

அவள் கேட்டதை ஏன் அவரிடம் சொல்லவில்லை? முதலில் பாவம் என்றுதான். வந்து தரையில் விழுந்து புரண்ட மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது? பிறகு — பிறகு வைத்துக்கொண்டேன். என்றைக்காவது எடுத்து அடிக்கலாம் என்று. ஆமாம், அதுதான் உண்மை.

ஜூலை 25, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பேபி வந்தாள். ஜெபம் தொடங்குமுன் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்ச் சொல்லிவிட்டேன். "என் பிள்ளையும் பயந்துதான் செத்தா. சிரிக்கலை. ஒண்ணும் சொல்லலை. பாஸ்டர் அங்கன இல்லவே இல்லை."

என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். மனசுக்குள் அதற்குத் தயாராகக்கூட இருந்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

"அப்ப பொய்யா? அந்தப் பொய்யை வச்சுல்லா நான் ஆறு மாசமா செத்த மனுஷனைத் திட்டிக்கிட்டுக் கெடக்கேன்! 'ஒரு சின்னப்பிள்ளைக்கு இருந்த விசுவாசம் ஒமக்கு இல்லாமப் போச்சே'ன்னு கல்லறையில போய்ச் சொன்னேன்கா. சத்தமாச் சொன்னேன்!"

நேரே ஜெபக் கூடத்துக்குப் போனாள். ஐம்பது பேர் இருப்பார்கள். ஜோன்ஸ் கிட்டாருக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், உங்க மக சாகும்போது நீங்க எங்கன இருந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன், கண்ணை எடுக்கவில்லை. அவர் கிட்டாரைக் கீழே வைத்தார். பேபி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்தினார்.

"ஊழியத்தைக் கெடுக்கதுக்கே நீ வந்திருக்க."

"ஆமா."

"எத்தனை பேரு அந்தச் சாட்சியால எந்திரிச்சு நிக்காங்க தெரியுமா? தூக்குல தொங்கப் போனவன் திரும்பி வந்திருக்கான்!"

"பேபி திரும்பி வரலையே."

"ஆண்டவரு என் இருதயத்துல வச்ச வார்த்தை அது."

அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "ஆண்டவரை இதுல இழுக்காதீங்க. அவ இயேசுவைக் கேக்கலை. உங்களைத்தான் கேட்டா. அப்பா எங்க, அப்பா எங்கன்னு நாலு தடவை கேட்டா. போதுமா? இதையும் போய் மைக்குல சொல்லுங்க!"

அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்றார்.

"நீங்க ஏன் கேக்கலை?"

நான் இந்த அடியை எத்தனை நாள் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை.

ஜூலை 26, சனி

அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பைபிளைத் திறக்காமலே பேசினார். "என் மகள் சாகும்போது நான் பக்கத்துல இல்லை. அவ சொன்னதா நான் சொன்ன வார்த்தை, நானாச் சொன்னது. அவ பயந்தா. என்னைக் கேட்டா." அவ்வளவுதான். ஜெபம் பண்ணாமல் இறங்கிவிட்டார்.

மத்தியானம் சபை மூப்பர் மாரிராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"பாஸ்டர், சனங்க கடலுக்குள்ள போயிட்டு உசுரோட வாரதுக்கு ஒரு பிடிமானம் தேடி வாராங்க. ஒங்க பாவத்தைக் கேக்க வரலை. தனியா ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டுப் போயிருக்கலாம்லா?"

"பொய்யை எல்லாருக்கும் முன்னால சொன்னேன் அண்ணாச்சி."

"அடுத்த மாசம் கன்வென்ஷனுக்குப் போஸ்டர் அடிச்சாச்சு. ஒங்க படம் போட்டு."

"கிழிச்சிருங்க."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது வாயை அடக்கியிருக்கலாம்மா." காப்பியைத் தொடாமல் போனார்.

எனக்கு இப்போது நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. அவர் உண்மையைச் சொல்லும்போதும் கூடத்தில் பாதிப் பேர் அழுதார்கள். மறுபடியும் அவளைத்தானே மேடையில் ஏற்றினார்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

இன்னும் கோபம்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. தூத்துக்குடி முழுக்கக் கூட்டம். எங்கள் வாசலில் ஒரு ஆள் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாரிராஜ் அண்ணாச்சி கல்யாண மண்டபத்தில் தனியாக ஆராதனை தொடங்கிவிட்டார். எங்களிடம் தொண்ணூறு பேர் வந்துகொண்டிருந்தார்கள். இன்றைக்கு இருபத்தாறு. கிட்டாரும் அங்கே போய்விட்டது, அது அவர்கள் வாங்கிக் கொடுத்தது.

சாயங்காலம் கடைக்குப் போய் வரும் வழியில் பைக்கில் ஜோன்ஸ், "சபை கலைஞ்சதுல உனக்குத் திருப்தியா?" என்றார்.

"பிள்ளை போனப்பவே எனக்கு எல்லாம் கலைஞ்சாச்சு" என்றேன். ரயில்வே கேட்டில் நிற்கும்போதும் அவர் திரும்பவில்லை, நானும் அவர் தோளைப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேபி வந்தாள்! இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு. வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மனுவேலுக்குப் பூசை வச்சோம்கா. கல்லறையிலயும் போய் மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"நல்லது."

"இப்ப அவரைத் திட்டுறதில்லை. உங்க வீட்டுக்காரரைத்தான் திட்டுறேன்."

"திட்டு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உள்ளே ஜோன்ஸ் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தார். அவளைப் பார்த்துக் கை கூப்பினார். "தப்பு என் பேர்லதாம்மா" என்றார். பேபி பையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அவள் ஏன் மன்னிக்க வேண்டும்?

அக்டோபர் 9, வியாழன்

சபைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் லிங்கராஜ் என்று ஒரு பெரியவர். உப்பளத்தில் வேலை பார்த்தவர். கோயிலுக்கும் போக மாட்டார், எங்கள் பக்கமும் வரமாட்டார். பாட்டுச் சத்தம் அதிகமானால் எங்கள் கூரைமேல் கல் எறிவார். சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. ரத்த வாந்தி எடுத்துக் கிடந்தவரை ஜோன்ஸ் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். ஈரல் போய்விட்டதாம்.

காலையில் போகிறார், சாயங்காலம் வருகிறார். பைபிள் அலமாரியிலேயே இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

எட்டரைக்குப் போன். இருட்டு விலகுமுன்பே ஆஸ்பத்திரிக்குப் போனவர்.

"பிளாரன்ஸ், நான் ஆராதனைக்கு வரலை."

பின்னால் யாரோ முனகுகிற சத்தம்.

"டாக்டர் இன்னைக்குத் தாண்டாதுங்காரு. இவரு என் கையை விட மாட்டேங்காரு."

"சனங்க வந்து உக்காந்தாச்சு. நான் பிரசங்கமெல்லாம் பண்ண மாட்டேன்."

"பண்ண வேண்டாம். ஒரு சங்கீதம் வாசி. போதும்."

போனை வைக்கவில்லை, அவரும் நானும். "அவருகிட்ட என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. பயமா இருக்குங்காரு. ஆமாய்யாங்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. எழுதாமல் எப்படி விடுவது? கல் எறிந்த மனுஷனுக்குக் கை கொடுக்க முடிகிறது. அடுப்பை அணைத்தேன், தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன். பிறகு ஆர்லிக்ஸைப் பிளாஸ்கில் ஊற்றி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

கூடத்தில் இருபத்திரண்டு பேர். மைக் தேவைப்படவில்லை. முன்னால் போய் நின்றேன். எப்போதும் அவர் நிற்கிற இடம்.

"பாஸ்டர் இன்னைக்கு வரமாட்டாங்க" என்றேன். "ஒருத்தர் கூட இருக்காங்க."

பைபிளைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன்.