சிரிப்புக் காட்சியில் அப்பா அழுதது

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
14.3.1977

அன்பு மகன் வளனுக்கு அம்மா முத்தங்களுடன் எழுதுவது. அந்த வெயில் தேசத்தில் உனக்கு ஒரு தலைவலி காய்ச்சல் வரக்கூடாது என்று பனிமய மாதாவிடம் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே யாவரும் சுகம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பேபிதான் எழுதுவாள். இதை நானே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். அவள் பார்த்தால் அண்ணனை ஏன் கலங்கடிக்கிறாய் என்று பேனாவைப் பிடுங்கிவிடுவாள்.

உன் கடிதம் கிடைத்தது. அப்பா நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கிறார் என்று பேபி எழுதியதைப் படித்து உனக்கு நிம்மதியாகிவிட்டது என்றும், மத்தாப்பு மாசிலாமணியின் புதுப்படம் வந்தால் அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த ஆளைப் பார்த்தால் பழைய அப்பாவாகிவிடுவார் என்றும், அதனால் குவைத்திலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்கு அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். பேபி மேல் தப்பில்லை மகனே, அவள் கண்ணால் கண்டதைத்தான் எழுதினாள். நானும் உன் பேச்சைக் கேட்டு அவரைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகாமலே இருந்திருக்கலாம். இல்லை, போனதும் நல்லதுதானோ என்னவோ, என் புத்தி இப்போது ஒரு நிலையில் இல்லை.

அந்தக் கூத்தாடிப் பயல் மேல் உன் அப்பாவுக்கு என்ன பைத்தியமோ. கொழும்பிலிருந்து தோணி வந்து சேர்ந்தால் அதை ஓட்டி வந்த தண்டல் வீட்டுக்கு வருவாரா, பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பாரா, அதெல்லாம் கிடையாது, உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குத்தான். திரும்பி வந்து இரண்டு பேரும் மூக்கைச் சுருக்கிச் சுருக்கித் தும்முவீர்கள். மாசிலாமணி பொய் சொல்லுவதற்கு முன்னால் ஒரு தும்மல் தும்முவானாமே, அதைச் செய்து காட்டி நீங்கள் சிரிக்க, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் நீ சொன்னாய், கொட்டகையில் அப்பாதான் எல்லாருக்கும் முந்திச் சிரிக்கிறார், அவன் மூக்கு சுருங்கும்போதே இவருக்குத் தெரிந்துவிடுகிறது, இவர் சிரித்த பிறகுதான் ஊரே சிரிக்கிறது என்று. பெரிய சாதனைதான் போ என்று நான் சட்டியை உருட்டிக்கொண்டிருந்தேன். உங்களோடு ஒரு நாளும் நான் வந்ததில்லை.

ஐப்பசி மழையில் தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது விழுந்தவர்தான், வலது கையும் காலும் பேச்சும் அன்றைக்கே போய்விட்டன என்பதெல்லாம் உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் வாக்கில் சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நெஞ்சு குலுங்கச் சிரிப்பு. அண்ணாச்சி சிரிக்காவளே, இனிப் பயமில்ல என்று தெருவே வந்து சொல்லிவிட்டுப் போனது. நானும் மாதா கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டுபோய் ஏற்றினேன். தை மாதம் உன் அல்போன்சா அத்தை செத்ததை எழுதினோம், அடக்கத்தில் நடந்ததை எழுதவில்லை. தாயில்லாப் பிள்ளையை வளர்த்த அக்கா, அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாமா என்று இவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்ததுதான் தாமதம், சிரித்தார் பார், என் சேசுவே, பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்த பெண்டுகள் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை மகன் இனிகோ, ஏன் மாமி, எங்கம்மா செத்தது இவுகளுக்கு அவ்வளவு சந்தோசமா, முதல்ல இங்கன இருந்து தூக்கிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டான். அன்றைக்குப் போன உறவுதான், அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்காய் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டேன். மூளையில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகும்மா, சிரிப்பும் அழுகையும் அவர் வசத்தில் இல்லை, அதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்றார். சரி, உள்ளே ஆள் இல்லை, காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளுகிற மாதிரிதான் என்று நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. படமும் வந்தது. தவசு காலத்தில் சினிமாவா என்று பேபி குதித்தாள். ஈஸ்டர் வரைக்கும் அந்தப் படம் ஓடாதே, சாமியாரிடம் கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் மாதாவிடம் மட்டும் சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ரிக்சா முப்பிடாதிதான் அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்து, தானும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். படத்தில் மாசிலாமணி பெண் பார்க்கப் போகிறான். நான் கடலையே நீந்திக் கடந்தவனாக்கும் என்று பெண்ணின் அப்பனிடம் அளக்கப்போகிறான், அதற்கு முன்னால் மூக்கைச் சுருக்குகிறான். ஒருத்தரும் இன்னும் சிரிக்கவில்லை. உன் அப்பா ஓவென்று அழுதார். அப்புறம்தான் அவன் தும்மினான், கொட்டகை சிரித்தது. பிறகு அவனைக் குளத்தில் தள்ளிவிடுகிறார்கள், முழங்கால் தண்ணீரில் படுத்துக்கொண்டு காப்பாத்துங்க காப்பாத்துங்க என்று கத்துகிறான், மாதா மன்னிக்கட்டும், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவர் மாரில் அடித்துக்கொள்ளாத குறையாக அழுகிறார். முன்வரிசைப் பயல்கள் திரும்பிப் பார்த்து, ஏலே, இந்தப் பெரியவரு ஆக்டரையே தோற்கடிச்சிருவாரு போலிருக்கே என்று கைதட்டுகிறான்கள். முந்தானையால் அவர் வாயைப் பொத்தினேன். அதற்கப்புறம் கதாநாயகியின் தாய் சாகிற காட்சி. பெண்டுகள் எல்லாம் மூக்கைச் சிந்துகிறார்கள், உன் அப்பா கெக்கெக்கே என்று சிரிக்கிறார். யாருலே அது, தாய் தகப்பன் இல்லாத பய, வெளிய தள்ளுங்கலே என்று சத்தம் வந்தது, டார்ச் வெளிச்சத்தை மூஞ்சியில் அடித்தார்கள். முப்பிடாதி அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவனும் அழுதுகொண்டுதான் மிதித்தான்.

ரிக்சாவில் வரும்போதுதான் எனக்கு நீ சொன்னது ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் முந்தி. அன்றைக்கு முந்திச் சிரித்த அதே இடத்தில் இன்றைக்கு முந்தி அழுதிருக்கிறார். மூக்கு சுருங்கினால் அடுத்தது என்ன என்று தெரிந்தவரால்தானே முந்த முடியும். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, பல் போன கிழவி நான், அவர் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சுருக்கினேன். தும்மவில்லை, வெறுமனே சுருக்கினேன். அவர் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை நான் சிரிக்க வைத்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். உன் அப்பா உள்ளே முழுசாக இருக்கிறார் வளா. அதை நினைத்தால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உள்ளே ஆள் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் நெஞ்சு வெடித்து அழுதிருக்கிறார், நாங்கள் மானம் போகிறது என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம். இன்னொரு தடவை வாதம் அடித்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் நானும் பேபியும் பேசினோம், கல்லறைக்கு எந்த இடம் என்பது வரைக்கும் பேசினோம். அன்றைக்கும் சிரித்தார்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ போகும்போது ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவை அவர் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், சூசையப்பர் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறோம். காலையில் கண் விழித்தால் அவர் அதைத்தான் பார்க்கிறார். அதைப் பார்த்துத்தான் நாள் முழுக்கச் சிரிக்கிறார். பேபி உனக்கு எழுதிய சிரிப்பு அதுதான். மகன் படத்தைப் பார்த்து அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நாங்களும் ஆளுக்கு ஆள் கூட்டி வந்து காட்டிக்கொண்டிருந்தோம். போட்டோவைக் கழற்றிவிடலாம் என்று நேற்று கையை வைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கழற்ற முடியவில்லை.

கையெழுத்துப் போடாதே ராசா. பேபி கல்யாணத்துக்காக என்று சொல்லாதே, அவள் காத்திருப்பாள், அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். அப்பாவால் காத்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ வரும் வரைக்கும் இருப்பார் என்று எழுத ஆசைதான், பொய் எழுத எனக்குத் தும்மல் வரவில்லை. அங்கே அந்தச் சூட்டில் வேலை முடிந்த கையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. வெறும் வயிற்றோடு படுக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வழியில்லை என்றால் ஜெபமாலையில் ஒரு பத்துமணியாவது சொல்லு. சேசுவும் மாதாவும் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ வாசல்படியில் வந்து நிற்கும்போது அப்பா உன்னைப் பார்த்து வாய்விட்டு, ஊர் கூடும்படி அழுவார். நீ மிரண்டு பின்வாங்கிவிடாதே. என்ன ஆயிற்று என்று கேட்காதே. பக்கத்தில் போய் உட்கார்ந்து மூக்கைச் சுருக்கு. அந்த ஒரு அழுகைக்காகத்தான் நான் தினமும் முழங்காலில் நிற்கிறேன்.

உன் அம்மா,
ஞானசௌந்தரி