அப்பா பேசியிருக்க வேண்டியது

அன்பு மகள் வாயாடிக்கு அம்மா எழுதுவது.

நீ நலம்தானே. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதி எழுதிக் கைக்குப் பழகிவிட்டது, இந்த முறை அதைப் பாதியாக எழுதுகிறேன், நான் நலம். அப்பா போன கடிதத்தில் எழுதிய அதே நிலையில்தான் இருக்கிறார், வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சு திரும்பவில்லை, காது மட்டும் முன்பைவிடக் கூர்மையாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம், சமையலறையில் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் கோபமாக வைத்தால்கூடப் படுக்கையிலிருந்தே கண்ணை உருட்டுகிறார். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பாதியில் அழ ஆரம்பிப்பாய், நான் அதட்டுவேன், விஷயம் அங்கேயே நின்றுபோகும், அதனால்தான். அண்ணன் வாரம் தவறாமல் கூப்பிடுகிறான், “ஆள் வச்சுக்கோம்மா, உன் உடம்பையும் பார்த்துக்கோ” என்கிறான், ஆளை யார் தேடுவது யார் வைப்பது என்பது மட்டும் அவன் வாயில் வராது. உடற்பயிற்சி கொடுக்க வரும் பெண் நல்லவள், அப்பாவின் காலை மடக்கி நீட்டிக்கொண்டே தன் மாமியார் கதையெல்லாம் சொல்கிறாள், குறுக்கே பேசாமல் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. நம் கட்டடத்து லிஃப்டைப் பார்க்கப் புதிதாக ஒருவர் வருகிறார். அவர் வந்துபோன பிறகும் இரண்டாவது மாடியில் அது கரகரவென்று முனகுகிறது, அதைக் கேட்டு அப்பா புருவத்தைச் சுளிக்கிறார், ஊர் லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பார்த்து ஓட்டிவைத்த மனிதர் நாலாவது மாடியில் கிடந்து அடுத்தவர் வேலையைக் காதால் சோதித்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அலுப்பாகவும் இருக்கிறது, அலுப்புதான் அதிகம். அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தால் என் இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

மத்தியானங்களில் நீ விட்டுப்போன அந்தக் கிரேக்கப் போர் வரலாற்றை அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. முதலில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் ஒரு பக்கம் படித்து எனக்குப் புரிந்த மட்டும் சொல்வேன், பிறகு நீ மூலத்திலிருந்தே தமிழாக்கி அனுப்பும் தாள்களைப் படிப்பேன். உண்மையைச் சொன்னால் கோபிக்காதே, இங்கிலீஷ்காரர் வழவழவென்று போகிறார், எல்லாப் படைத்தலைவனும் தீர்ப்புப் படிக்கும் நீதிபதி மாதிரி பேசுகிறான். உன்னுடையது அப்படி இல்லை, ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது, எழுவாய் எங்கே போனது என்று மேலே போய்த் தேடிவிட்டு வரவேண்டியிருக்கிறது. மூலத்திலேயே அந்த ஆள் அப்படித்தான் முண்டி முடிச்சுப் போட்டு எழுதியிருக்கிறார், நான் அவிழ்த்தால் அது அவர் இல்லை என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். ஆனால் பார், இங்கிலீஷ் படித்தால் அப்பா தூங்கிவிடுகிறார், உன் தாளை எடுத்தால் கண் திறந்தே இருக்கிறது. கொள்ளைநோய் வந்த பகுதியை அவருக்கு வேண்டாம் என்று தாண்டப் பார்த்தேன், விடவில்லை, இடது கையால் கட்டிலைத் தட்டினார். தானே அந்த நோயில் விழுந்து எழுந்த வரலாற்றுக்காரர் ஒரு புலம்பல் இல்லாமல் இன்ன இடத்தில் சூடு, இன்ன இடத்தில் புண் என்று சொல்லிக்கொண்டு போவதை அசையாமல் கேட்டார். அப்புறம் நீ மூலத்தை அப்படியே வாசித்துப் பதிவு செய்து போனில் அனுப்பினாயே, அதையும் போட்டேன், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சொல் புரியவில்லை, முடிந்ததும் மறுபடி போடு என்று கையைக் காட்டினார். “செத்துப்போன மொழியைப் படிச்சு யாரோட பேசப் போறே” என்று உன்னைக் கேட்ட அதே மனிதர்தான். மறுபடி போட்டேன்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். படிக்கப் போன இடத்திலேயே தங்கிப் பாடம் நடத்தும் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், சரி என்றால் இன்னும் சில வருஷம் அங்கேதான், அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதன்படி செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். நீ கிளம்பிய அன்றும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, லிஃப்ட் ரிப்பேர் என்று தன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனவர் நீ போன பிறகுதான் இறங்கினார், அதை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியே தலை நரைத்தவள். சாட்சி இருமினால் இருமினார் என்று எழுதுவேன், சொல்லாததை ஒரு எழுத்துகூட எழுதியதில்லை. பேச்சே இல்லாத மனிதர் சொன்னதாக நான் எதை எழுதுவேன், அதனால்தான் பதில் இத்தனை நாள் தள்ளிப்போனது.

போன வாரம் உன் தாளில் அந்த இடம் வந்தது. இந்த நூலில் வரும் பேச்சுகளில் சிலதைத் தானே கேட்டதாகவும், சிலதை மற்றவர்கள் வந்து சொன்னதாகவும், எதையும் சொல்லுக்குச் சொல் நினைவில் வைக்க முடியாததால் அந்தந்த வேளைக்கு அவர்கள் என்ன பேசியிருக்க வேண்டுமோ அதை, உண்மையில் பேசியதன் கருத்தை விட்டு விலகாமல் எழுதியதாகவும் அந்த ஆள் தானே ஒப்புக்கொள்கிறார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே, “இதை என் கோர்ட்டில் செஞ்சிருந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க” என்று சத்தமாகவே சொன்னேன். அப்பா கட்டிலைத் தட்டினார். திரும்பப் படித்தேன், மறுபடி தட்டினார். மூன்றாம் முறை படித்த பிறகு உன் கடிதம் இருந்த அலமாரியைக் கண்ணால் காட்டினார், என்னைப் பார்த்தார், மறுபடி அலமாரியைப் பார்த்தார். புரிந்தது. புரியாத மாதிரி எழுந்துபோய்த் துணி மடித்தேன், அவ்வளவு எளிதில் நான் வளைந்து கொடுப்பேனா.

மறுநாள் உட்கார்ந்து, அப்பா உன்னிடம் பேசியிருக்க வேண்டியதை எழுதிவிட்டேன். எழுதியதை அவர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன், இடது கையை என் கையில் வைத்துக்கொண்டு, ஒரு அழுத்து ஆமாம், இரண்டு அழுத்து இல்லை. அந்த வரலாற்றுக்காரருக்கு இந்த வசதி கிடைத்திருக்காது, அவர் எழுதிய ஆட்களில் பாதிப்பேர் அதற்குள் மண்ணுக்குள் போயிருப்பார்கள்.

நான் எழுதியது இப்படித் தொடங்கியது. “வாயாடி, நீ போன அன்னிக்கு லிஃப்டுக்கு ஒண்ணும் இல்ல. உன் முகத்தைப் பார்த்தா போகாதேன்னு சொல்லிடுவேன்னுதான் மொட்டை மாடி மோட்டார் ரூம்ல போய் உக்காந்தேன். நீ பெட்டியோட கீழே போய்ச் சேர்ற வரைக்கும் அந்தச் சக்கரம் சுத்துறதைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.” இது முழுக்க என் ஊகம். ரிப்பேர் என்று சொன்ன அதே லிஃப்டில்தான் நீ பெட்டிகளோடு இறங்கினாய், அன்றைக்கு நம் இருவருக்கும் அது உறைக்கவே இல்லை, எழுதும்போதுதான் எனக்கே தோன்றியது. படித்து முடித்ததும் ஒரு அழுத்து. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

அடுத்து, “உன் படிப்பைப் பழிச்சுப் பேசினது என் தப்பு” என்று எழுதியிருந்தேன். இரண்டு அழுத்து, அதுவும் பட்பட்டென்று. அந்த வரியை அடித்துவிட்டேன். மனிதர் படுத்திருந்தாலும் பிடிவாதம் எழுந்துதான் நிற்கிறது. “நான் நல்லா இருக்கேன், என்னைப் பத்திக் கவலைப்படாதே” என்ற வரிக்கும் இரண்டு அழுத்து, அதையும் அடித்துவிட்டேன், ஆகவே அவர் சொன்னதாக இந்தக் கடிதத்தில் அது இல்லை.

அதற்கு அடுத்த வரியை எப்படிச் சொல்வேன். “அந்த வேலை வேண்டாம், வந்துடு” என்று எழுதியிருந்தேன். அது அவர் பேச்சு இல்லை, என் பேச்சு, எனக்கு முடியவில்லையடி, ராத்திரி பகல் என்று ஒற்றை ஆளாக முடியவில்லை, நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்று இருந்தது, அவர் வாயில் வைத்துவிட்டேன். இரண்டு அழுத்து. காதில் விழவில்லையோ என்று உரக்கப் படித்தேன். இரண்டு அழுத்து, என்னையே பார்த்துக்கொண்டு. அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் எதிரிலேயே அதை அடித்து, “அந்த வேலையை எடுத்துக்கோ” என்று மேலே எழுதிப் படித்தேன், குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு அழுத்து. விரல் வலிக்கும்படி ஒரு அழுத்து.

கடைசி வரி, “ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துட்டுப் போ.” இதைப் படித்ததும் ஒரு அழுத்து வரும் என்று காத்திருந்தேன். அழுத்தினார், ஆனால் விடவில்லை. விட்டால்தானே ஒன்றா இரண்டா என்று எண்ண முடியும். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், என் கை மரத்துப்போனது, நானும் எடுக்கவில்லை. இதை ஆமாம் என்று எழுதுவதா இல்லை என்று எழுதுவதா எனக்குத் தெரியவில்லை, இருமலை இருமல் என்று எழுதியவள் நான், நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, புத்தகத்தை முகத்தில் ஒட்டிவைத்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அண்ணனிடம் ஆள் விஷயத்தை நீயும் ஒரு தடவை அழுத்திச் சொல், நீ சொன்னால் கேட்பான். அடுத்த தாள்களைப் பெரிய எழுத்தில் அனுப்பு, பதிவு அனுப்பினால் இன்னும் கொஞ்சம் மெதுவாக வாசி, அவர் உன் குரலைக் கேட்கிறார், சொல்லை அல்ல. எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு, என்னுடையதை வாயாலும் அவருடையதைக் கையாலும்.

நீ வரும் தேதி தெரிந்தால் எனக்கு எழுதாதே, போன் செய்து அவர் காதிலேயே சொல். லிஃப்ட் நாலாவது மாடியில் நிற்கிற சத்தம் அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பேச்சு அப்பாவுடையது, எழுத்து மட்டும் தன்னுடையது என்று உறுதி சொல்லும்
உன் அம்மா