பிகாஷின் காய்ச்சலுக்கு என் ரத்தம்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை இரவு.

நம் வயலுக்கு நடவு நட வந்த வங்காளத்து ஆள் பிகாஷுக்குச் சில நாளாகக் காய்ச்சல். இன்று அவனை வண்டியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். சீட்டுப் போடும் பெண் ஆதார் கேட்டாள். பாதியில் ஓடிவிடக் கூடாது என்று எல்லாருடைய அட்டையையும் அவர்களைக் கூட்டி வந்த ஏஜெண்ட் பிடுங்கி வைத்திருக்கிறான். போன் போட்டால் எடுக்கவில்லை.

"காய்ச்சல் ஆளுக்கும்மா, அட்டைக்கு இல்ல."

"வம்பு பண்ணாதீங்க தாத்தா. அட்டையோட வாங்க."

எனக்குக் குறும்பு வந்துவிட்டது. என் ஆதாரை நீட்டிச் சீட்டு வாங்கினேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்து பிகாஷைப் போலவே நடுங்கிக் காட்டினேன். மாத்திரையை வாங்கி அவனிடம் கொடுத்துவிடலாம் என்று கணக்கு.

டாக்டர் சொன்னார்: "எலிக் காய்ச்சலா இருக்கலாம். டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வெளிய இருங்க, பாத்துட்டு மாத்திரை தர்றேன்."

என் கையில் ஊசி ஏறியது. அவன் வெளியே பெஞ்சில் சுருண்டு கிடந்தான்.

சாயங்காலம் ரத்தம் பார்க்கும் பெண் சிரித்தாள். "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல தாத்தா. கல்லு மாதிரி இருக்கீங்க. மாத்திரையே வேணாம்."

"வியாதி எனக்கில்லம்மா, அதோ அவனுக்கு."

"வெளயாடுறீங்களா? டாக்டர் போயாச்சு. நாளைக்கு அந்த ஆள அட்டையோட வரச் சொல்லுங்க."

எனக்கு ஒன்றுமில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. திரும்பி வந்து அவன் படுத்திருக்கும் வயல் மோட்டார் கொட்டகையில் பிகாஷுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஏஜெண்ட் இப்போதும் போன் எடுக்கவில்லை.