உன் முகம் கறுத்த காலம்

இன்று தேக்கா சந்தையில் மளிகை வாங்க நின்றிருந்தபோது, கடைக்காரர் எலுமிச்சை ஊறுகாய் டின் ஒன்றைத் திறந்தார். அந்த உப்பு வாசனை மூக்கில் ஏறியதும் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

செங்காங் பாலர் பள்ளியில் நாம் இருவரும் ஒரே வகுப்பின் ஆசிரியைகள். மதியத்தில் நீ சோற்றை ஒதுக்கிவிட்டு ஊறுகாயை மட்டும் வழித்துத் தின்பாய். “என்னடி, மாசமா இருக்கியா?” என்று கேலி செய்வேன். “சும்மா இரு லா. உப்பா ஏதாவது வேணும்போல இருக்கு” என்பாய். அந்தச் சமயத்தில்தான் உன் முகம் கறுத்தது, உடம்பும் இளைத்தது. இளைத்ததைப் பாராட்டியவர்கள் கறுத்ததை உன் காதுபடவே பேசினார்கள். நான் மட்டும் என்ன செய்தேன்? உன் பிறந்தநாளுக்கு முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் வாங்கித் தந்தேன். இரண்டு வாரம் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கையை விரித்துக் காட்டினாய்.

“உள்ளங்கைக் கோடுகூட கறுப்பா இருக்குடி. அங்க எப்படி வெயில் படும்?”

“தண்ணி நிறைய குடி” என்றேன்.

வகுப்பிலேயே நீ மயங்கி விழுந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் உனக்கு வேலை செய்யவில்லை. உப்புக்கு நீ ஏங்கியதும் தோல் கறுத்ததும் அதனால்தானாம். ஆயுள் முழுக்க மாத்திரை. வாந்தி எடுத்தால் மாத்திரை தங்காது, உடனே ஊசி போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவர வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது நானும் உன் பக்கத்தில்தான் இருந்தேன்.

மாத்திரை தொடங்கியதும் பழையபடி ஆனாய். பிள்ளைகளோடு தரையில் உருண்டாய், பாடினாய். இரண்டு வருடத்தில் எனக்கு உன் நோயே மறந்துபோனது. உனக்கும்தான் என்று நினைக்கிறேன்.

பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன அன்று காலை, பேருந்திலேயே வாந்தி எடுத்தாய். மாத்திரை போட்டாய், அதுவும் வெளியே வந்தது.

“ஊசி எங்கடி?”

“வீட்ல. பஸ் ஒத்துக்கல, அவ்வளவுதான் லா. நான் போயிட்டா இங்க ஆள் பத்தாது. முடிச்சிட்டுப் போறேன்.”

அப்போதே உன்னை ஒரு டாக்சியில் தள்ளி ஏற்றியிருக்க வேண்டும். உன் பேச்சை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

சற்று நேரத்தில் மணலில் சரிந்தாய். கை சில்லிட்டிருந்தது. ஆம்புலன்ஸை அழைத்து, நோயின் பெயரை இரண்டு முறை சொன்னேன். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குமேல் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுமில்லை. உடன் வந்த இன்னோர் ஆசிரியை ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டச் சாலைக்கு ஓடியிருந்தார். நீ கண்ணைத் திறந்தாய்.

“பிள்ளைங்க பாக்குதுங்க. அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ.”

போனேன். உன் தலைக்கடியில் என் பையை வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கடலைப் பார்த்து உட்காரவைத்து, கப்பல்களை எண்ணச் சொன்னேன். திரும்பி வந்தபோது நீ பேசவில்லை. வண்டியில் ஊசி போட்டார்கள். மருத்துவமனையில் என்னென்னவோ செய்தார்கள். மாலையில் மருத்துவர் வெளியே வந்து உன் அம்மாவை உட்காரச் சொன்னார்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “கடைசிவரைக்கும் எம்பொண்ணு கூடவே இருந்தியேம்மா” என்று அழுதார். தலையாட்டினேன். மாதம் ஒருமுறை அவரைப் போய்ப் பார்க்கிறேன். இன்னும் அதைத் திருத்திச் சொல்லவில்லை.

நீ சொல்லித்தான் எழுந்து போனேன். அந்தச் சிறிது நேரத்தில் நீ என்னைக் கூப்பிட்டாயா? பிள்ளைகள் உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.