மேடு என்று திருத்திய குழிகள்

செவ்வாய், பிற்பகல்
ஆசிரியர் அறை

அன்புள்ள உங்களுக்கு,

எனக்கு இருமல், மகளுக்குக் கால் கட்டைவிரலில் சிராய்ப்பு, சமையலறைக் குழாய்க்கு ஓயாத ஒழுகல். மற்றபடி எல்லோரும் நலம். நீங்களும் ஏறக்குறைய அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவதே மூன்று சொற்கள்தான்: 'ம்', 'சரி', 'அப்புறம்'. நாலாவது வரப்போகும் நேரத்தில் சிக்னல் போய்விடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கிறவரை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இது எனக்கு ஓய்வு வகுப்பு. ஓய்வு என்பது கால அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது. மேசையில் நாற்பத்தெட்டு விடைத்தாள்கள். 'திறந்தவெளிச் சுரங்கத்தால் வரும் தீமைகள் மூன்று எழுதுக' என்று கேட்டிருந்தேன். நாற்பத்தெட்டுப் பேரும் தூசி, சத்தம், மரம் வெட்டுதல் என்று அதே வரிசையில் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர், நம் சுரங்கம் மூடியபின் உங்களைப் போலவே தூரத்துச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள். ஒருத்தியாவது 'அப்பா வீட்டில் இல்லை' என்று எழுதக் கூடாதா? முழு மதிப்பெண் போட்டிருப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதே பாடம், இதே மூன்று தீமைகள். கடைசி மணி அடிக்கும்போது யாராவது என்னை மடித்துப் பைக்குள் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனால் தேவலை என்றிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுரங்கம் மூடிய வருடம் ஒரு பெரிய படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தீர்களே, விமானத்திலிருந்து நம் ஊரை நேர்கீழாக எடுத்த படம், அதைச் சட்டம் போட்டுப் புவியியல் அறைச் சுவரில் மாட்டியிருந்தேன். வரைபடம் என்றால் வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. படத்தையும் அப்படியே வடக்கை மேலே வைத்து ஆணி அடித்தாயிற்று. பத்து வருடமாக அதைக் காட்டித்தான் பாடம்.

படத்தில் நம் பள்ளிக்குக் கிழக்கே, இப்போது விளையாட்டுத் திடல் இருக்கும் இடத்தில், ஒரே கோட்டில் ஏழு வட்டங்கள் உண்டு. 'இவை யாவை?' என்று ஒவ்வொரு வருடமும் கேட்பேன். 'சுரங்கக் கழிவு மண்மேடுகள்' என்பது சரியான விடை. குழி என்று எழுதியவர்களுக்குச் சிவப்பில் சுழித்திருக்கிறேன்.

போன வாரம் அறைக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றி மேசைமேல் கிடத்தினார்கள். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். எனக்கு நேர் எதிரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எந்நேரமும் கையில் லென்ஸோடு திரிவதால் வகுப்பில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். "டீச்சர், இது மேடு இல்ல டீச்சர், குழி" என்றாள். "மேடுதான், ஒழுங்கா பாரு" என்றேன். "நீங்க இந்தப் பக்கம் வந்து பாருங்களேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. எழுந்து அவள் பக்கம் போய்ப் பார்த்தேன். ஏழும் குழி.

விமானப் படத்தை நிழல் நம் பக்கம் விழுகிற மாதிரி வைத்துப் பார்க்க வேண்டும், வடக்கை மேலே வைத்த என்னைப் போல மாற்றி வைத்தால் கண் ஏமாந்துபோய்க் குழி மேடாகவும் மேடு குழியாகவும் தெரியும். இது புத்தகத்திலேயே இருக்கிறது. நானே வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டு அடிக்கோடு இடுகிறேன். உபதேசம் எல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கிறது. பெரிய சுரங்கத்தைக் குழி என்று ஊரே அறியும், அதில் யாரும் தவறவில்லை. இந்தச் சின்ன வட்டங்களில்தான் பத்து வருடம் கோட்டை விட்டிருக்கிறேன்.

அந்தத் திடலில்தான் ஆறாம் வகுப்புகளுக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. மாடியோடு எட்டு அறை. சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுவிட்டார்கள். குழிகள் எப்படி வந்தன, எப்போது மூடினார்கள் என்று தெரிந்தால் நல்லது. நம் சுரங்கத்தில் நில அளவையாளராக இருந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாததா? பழைய பிளான் ஞாபகம் இருந்தால் நாலு வரி எழுதுங்கள், பிள்ளைகளிடம் சொல்கிறேன். பூதக்கண்ணாடி தினமும் கேட்டு உயிரை எடுக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
வீட்டுக்காரி

---

வெள்ளி, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. நாலு வரி கேட்டேன், எண்ணி நாலே வரி எழுதியிருக்கிறீர்கள். 'அவை கழிவு மண்மேடுகள்தான். அந்தப் பெண் சொல்வதைக் கேட்டுக் குழம்பாதே. அந்தக் காலத்திலேயே எல்லாவற்றையும் நன்றாக நிரப்பியாயிற்று. பழைய கதையைக் கிளறாதே.'

மேட்டை எதற்கு நிரப்பினீர்கள்?

நீங்கள் ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாதவர். கல்யாணமான புதிதில் அது எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கடிதத்தைப் படித்தபோது பிடிக்கவில்லை.

இதற்கிடையில் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. வரைபட அளவை கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பாடம்தான். தண்ணீர்த் தொட்டிக்கும் ரயில்வே கேட்டுக்கும் உள்ள தூரத்தைப் படத்திலும் தரையிலும் அளந்து, படத்தில் ஒரு அங்குலம் தரையில் எத்தனை அடி என்று கணக்கிட்டார்கள். வட்டங்களை ஒளி ஊடுருவும் தாளில் வரைந்துகொண்டு, டேப்பைப் பிடித்தபடி வெயிலில் திடல் முழுக்க அலைந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் என் பாடத்துக்கு இப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை. ஏழில் ஐந்து குழிகள் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே விழுகின்றன. ஒரே கோட்டில், சம இடைவெளியில் தரை உட்கார்ந்திருக்கிறது என்றால் அடியில் பழைய சுரங்கப் பாதை ஓடுகிறது என்று அர்த்தம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான்.

படத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஆறு வருடமாக அலைந்து இந்தக் கட்டடத்தை வாங்கியிருக்கிறார். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். சுரங்கக் கம்பெனி பள்ளிக்கு நிலம் கொடுத்தபோது சேர்த்த பிளான். 'இப்பகுதியின் அடியில் சுரங்கப் பாதை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து. "ஒரு போட்டோவை வச்சு கட்டடத்தை நிறுத்தச் சொல்றீங்களா டீச்சர்? இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானே? அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க" என்றார். படத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தேன். நம் மகள் பிறந்த நாள். பிரசவ வார்டு வராந்தாவில் நீங்கள் நின்றதும், அலுவலகத்திலிருந்து யாரோ ஒரு காகிதச் சுருளோடு வந்ததும், அதைச் சுவரில் வைத்து நீங்கள் எழுதியதும் கதவு இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. விடுப்புக் கடிதம் என்று நினைத்தேன்.

என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், முதலில் எனக்குச் சொல்லுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் என்று உங்களை நினைக்க எனக்கு வரவில்லை. முயன்று பார்த்தேன், முடியவில்லை.

இந்த முறை சாப்பிட்டீர்களா என்று கேட்கப் போவதில்லை.

நான்

---

ஞாயிறு, காலை
வீடு

அன்புள்ள உங்களுக்கு,

புதன்கிழமை நீங்கள் போன் செய்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்குச் சிக்னல் போகவும் இல்லை.

நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே காதில் இருக்கிறது. பாதை முப்பது அடிக்குக் கீழே இருப்பதும், மேலே மண்ணைக் கொட்டியதே தவிர அடியில் யாரும் நிரப்பவில்லை என்பதும் அன்றே உங்களுக்குத் தெரியும் என்றீர்கள். நிலம் சுத்தம் என்று காட்டினால்தான் சுரங்கத்தை மூடும் வேலை முடியும், இருநூறு தொழிலாளிகளுக்குச் சேர வேண்டிய பணம் சேரும் என்று மேலாளர் அவசரப்படுத்தினார் என்றீர்கள். "வெறும் திடலா கிடக்கப்போற எடந்தானேன்னு நெனச்சேன்" என்றீர்கள். உள்ளே நான் கத்திக்கொண்டிருந்தேன், ஒரு கையெழுத்தில் எல்லாம் தீரும் என்று தோன்றியிருக்கும். நம்புகிறேன். என்னை அந்த வராந்தாவில் நிறுத்தியிருந்தால் நானும் போட்டிருப்பேனோ என்னவோ.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இப்போது வாயைத் திறந்தால் அளவையாளர் உரிமம் போய்விடும், பத்து வருடம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்கள், அங்கேயும் வேலை நிலைக்காது. "கொஞ்ச நாள் பொறு, ஏதாச்சும் வழி இருக்கும்" என்றீர்கள்.

எங்கே பொறுப்பது? நேற்று இயந்திரத்தைக் கொண்டுவந்து திடல் ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி தோண்டப் போகிறார்கள். கட்டடப் பொறியாளர் அலுவலகத்துக்கு நானே நடந்தேன். பிள்ளைகள் வரைந்த தாளை அந்தப் பொறியாளர் மரியாதையாகத்தான் பார்த்தார். அழகாக வரைந்திருக்கிறார்கள் என்றார். பிளானில் கையெழுத்துப் போட்டவரே மறுத்து எழுதினால் அன்றைக்கே நிறுத்தி மண்ணைத் துளையிட்டுப் பார்ப்போம், டீச்சர் சொல்வதை வைத்து எதுவும் செய்ய முடியாது என்றார். நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் என் எழுத்து விடைத்தாளில்தான் செல்லுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை முதல் வகுப்பில் படத்தைச் சரியான பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பத்து வருடமாகத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன், குழி என்று எழுதியவர்களுக்கெல்லாம் மதிப்பெண்ணைக் குறைத்தேன் என்று நாற்பத்தெட்டுப் பேர் முன்னால் சொன்னேன். சொல்லி முடித்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்போ எங்க அக்காவுக்கு ரெண்டு மார்க் வரணும் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். சிரித்துவிட்டுப் பாடத்தைத் திறந்தோம். உங்களுக்கு இவ்வளவு சுலபமாக முடியாது, தெரியும். என் தப்புக்கு இரண்டு மதிப்பெண், உங்கள் தப்புக்குப் பிழைப்பே போகும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் முட்டாள் இல்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். மறைக்க நினைத்தவர் அந்தப் படத்தை எரித்திருக்கலாம், சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். பள்ளியில் புவியியல் நடத்துகிறவள் கையில் கொண்டுவந்து கொடுத்தீர்கள். என்றைக்காவது நான் பார்த்துவிடுவேன் என்று காத்திருந்தீர்களா? நான்தான் பத்து வருடம் தாமதம். அதற்கு என்னை மன்னியுங்கள்.

வேலை போனால் வாருங்கள். என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட முடியாதா? ஊர் பேசும். பேசட்டும், நாலு நாளைக்குப் பேசிவிட்டு வேறு வீட்டுக் கதைக்குப் போய்விடும். நீங்கள் சமையலறைக் குழாயைச் சரி செய்துகொண்டு வீட்டில் இருங்கள். நானும் களைத்துவிட்டேன். வீட்டையும் பள்ளியையும் நானே தூக்கிச் சுமந்து, ராத்திரி உங்களுடைய மூன்று சொற்களைக் கேட்டுவிட்டுப் படுத்து, இனி என்னால் முடியாது என்று எத்தனையோ முறை எழுத நினைத்து எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பொறியாளருக்கு எழுத வேண்டியதை உங்கள் நடையிலேயே சுருக்கமாக எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வரைந்ததன் நகலும் உண்டு, பூதக்கண்ணாடி உங்களுக்கென்றே தனியாக வரைந்து கொடுத்தாள். அவளுக்கு உங்கள் கையெழுத்து விஷயம் தெரியாது. இது உங்களுக்கு வந்து சேர எட்டு நாள், திரும்ப எட்டு நாள் ஆகும். முதல் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

நம் மகள் புதுக் கட்டடத்தில் ஜன்னல் ஓர இடம் வேண்டும் என்று இப்போதே தோழியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். வரும் வருடம் அவள் ஆறாம் வகுப்பு, ஞாபகம் இருக்கிறதல்லவா?

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். முடியாது என்றால் பள்ளி திறக்கிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வாருங்கள். நம் பெண்ணை நீங்களே கையைப் பிடித்து அந்தக் கட்டடத்துக்குள் கூட்டிப்போய், ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்க மாட்டேன்.

உங்கள் வழி பார்க்கும்,
உங்களுடையவள்