வாய்க்கு வந்த ஐந்து மாதம்

14.11.2007, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆமிச் சோதனைக்காகக் கண்டி பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பெண் என் வயிற்றை அழுத்தி, கையை எடுக்காமலே, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள். எச்.ஐ.வி.க்கு நான் விழுங்குகிற குளிசையால் கன்னமும் கையும் வற்றி, கொழுப்பெல்லாம் வயிற்றில் சேர்ந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்தது ஐந்து மாதம்தான். உடனே கையை எடுத்துவிட்டாள்.

எனக்குப் பின்னால், என்னோடு படிப்பிக்கிற ஸ்டெல்லா டீச்சர் இதைக் கேட்டபடி நின்றதை அப்புறம்தான் கண்டேன். என் வீட்டுக்காரர் செத்து மூன்று வருடம். அன்றைக்குச் செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததே அவள்தான். குளிசை விஷயம் அவளுக்கும் தெரியாது.

திரும்ப பஸ்ஸில் ஏறினோம். அவள் தன் சீட்டை விட்டு எழும்பி, "நீங்க இருங்க டீச்சர்" என்றாள்.

நானும் உட்கார்ந்துவிட்டேன்.