இரண்டு பட்டறைகளில் ஒரே மெஷின்

அன்புள்ள தம்பி சுருட்டைக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் பெரியவளும் சுகமாகவே இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துவிட மறக்காதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ ஏதாவது ஜோக் அடித்து மழுப்புவாய், நானும் சிரித்துத் தொலைப்பேன். அதனால் எழுதி கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். உட்கார்ந்து படி. அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

திங்கட்கிழமை உன் பட்டறையின் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் சேர விரும்பும் பட்டறைகளை சர்வேயர் போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து வருவார். கடைசிக் கையெழுத்து என்னுடையது. அது விழுந்தால் விபத்தில் அடிபட்ட வண்டிகள் நேராக உன் வாசலுக்கு வரும். பத்து வருஷம் இன்னொருவரிடம் நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் டிங்கராக இருந்தவன் வேலையை விட்டுச் சொந்தமாக ஷட்டர் திறந்தது இதை நம்பித்தான் என்று எனக்குத் தெரியாதா?

கம்பெனியில் உறவினர் யாராவது உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அக்காவுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பாய். அன்றைக்கே மேனேஜரிடம் போய், இவன் என் தம்பி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இன்றோடு மூன்று நாள் ஆகிவிட்டது.

பிறகு போட்டோக்களைப் பார்த்தேன். தரையைக் கழுவி வைத்திருக்கிறாய். விபத்தில் வளைந்த காரின் சேசிஸை, அடிச்சட்டத்தை, நிமிர்த்தும் மெஷின் நட்டநடுவில் நிற்கிறது. அது இல்லாத பட்டறையை நாங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று உனக்கும் தெரியும். அதன் இடது தூணில் மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் ஒன்று, தலை கிழிந்து ஒட்டியிருக்கிறது. அந்த வாத்தை எனக்குத் தெரியும். போன மாதம் வேறொரு பட்டறைக்கு நானே சர்வேயரோடு போயிருந்தேன். என் பேத்தி ஒட்டியது என்று அந்த முதலாளி பெருமையாகக் காட்டினார். அந்த ஃபைலை எடுத்து மெஷின் நம்பரை ஒப்பிட்டேன். ஒரே நம்பர். ஒரு நாளைக்கு இரவல் வாங்கி நிறுத்தி, சர்வேயர் தலை மறைந்ததும் திருப்பி அனுப்பிவிட்டாய், அப்படித்தானே?

உன்னைத் திட்டவும் எனக்கு வாயில்லை. "சர்வேயர் மெஷினை ஓட்டியெல்லாம் பாக்க மாட்டார்டா, நம்பரை போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவார்" என்று உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துச் சொன்னது நான்தானே.

நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் எந்தக் கம்பெனியும் உன்னை அண்டவிடாது. விசாரணை வந்தால் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று என்னிடம்தான் வந்து நிற்கும். வேறொருவர் கையில் தள்ளினாலும் ஏன் என்று கேட்பார்கள். மென்று முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எங்கள் அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதையும் ஏசி போட்ட பிறகு ஆணி அடித்து மூடிவிட்டார்கள். ஃபைலின் மேல் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். எதிர் சீட்டில் ஒருத்தி இருக்கிறாள், 'மோப்பம்' என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். "என்னக்கா, ஃபைலை அடைகாக்குறீங்களா?" என்று கேட்டே விட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும்.

நேற்று அம்மா போன் செய்தார். "ஒரு கையெழுத்துதானே, தம்பிக்குப் போடாம யாருக்குப் போடப்போற" என்றார். அம்மாவைப் பேசச் சொன்னது நீதான் என்று எனக்குத் தெரியும். மெஷினைவிட எனக்கு அதில்தான் கோபம்.

யோசித்து யோசித்து ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நீயே ஒரு வரி எழுதி அனுப்பு. காரணம் சொல்ல வேண்டாம். சொந்தமாக மெஷின் வாங்கிய பிறகு மறுபடியும் போடலாம். அதுவரை பட்டறை தாங்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லைடா. நீ என் தம்பி என்பதை வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜரிடம் எப்படியும் சொல்லப்போகிறேன். அதற்கு எனக்கு என்ன கிடைக்குமோ கிடைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை இங்கே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாய். முன்பக்கம் நொறுங்கி வந்த நீலக் காரை மெஷின் இல்லாமலே கண்ணளவில் நிமிர்த்திவிட்டேன் என்று போன வாரம் பெருமை அடித்தாயே, அதைப் போல ஒரு காரில் அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து, மெயின் ரோட்டில் எண்பதில் ஓட்டிக்கொண்டு வருவாயா? யோசிக்காமல் 'ஆமாம்' என்று வந்தால் எனக்குச் சொல், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒரு நிமிஷம் யோசித்தாலும் அந்த ஒரு வரியை எழுதிவிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும் தம்பி. அம்மாவை பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு வா.

உன்
அக்கா